கவுண்டமணி – செந்தில் நகைச்சுவை

கவுண்டமணி – செந்தில் நகைச்சுவை என்பது 1980-களிலும் 1990-களிலும் தமிழ்த் திரைப்படங்களில் கோலோச்சிய இரட்டையர் நகைச்சுவை. சைக்கிள் கடை, கரகாட்டக் குழு என்று அன்றாடம் காணும் இடங்களில் ஓர் அற்ப விஷயத்தைப் பெரும் வழக்காக வளர்த்து, தர்க்கத்தையே தலைகீழாக்குவது இதன் இயல்பு.

பின்னணி

சுப்பிரமணியம் என்ற இயற்பெயர் கொண்ட கவுண்டமணி (பி. 1939), உடுமலைப்பேட்டையை அடுத்த வல்லகுண்டபுரத்தைச் சேர்ந்தவர். நாடக மேடையிலிருந்து வந்த கவுண்டமணி, பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படத்தில் கவனம் பெற்றார். செந்தில் ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்.

வளர்ச்சி

அக்காலத்தில் மையக் கதையோடு ஒட்டாத ‘காமெடி டிராக்’ தனியே எழுதப்படுவது வழக்கம். கதையை நகர்த்தும் பொறுப்பு இல்லாததால், ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வர அதில் இடமிருந்தது. ஏ. வீரப்பன் எழுதிய ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) பகுதியில், பெட்ரோமாக்ஸ் விளக்கு எப்படி எரிகிறது என்று கேட்கும் செந்தில் அதன் மேன்டிலை நசுக்கிவிடுகிறார். கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில், இரண்டு வாழைப்பழம் வாங்கப்போன செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, கையிலிருப்பதையே அந்த இன்னொன்று என்று சாதிக்கிறார். ‘சூரியன்’ (1992) படத்தில் கவுண்டமணி ஒயர் அறுந்த தொலைபேசியில் தடபுடலாகப் பேசுகிறார். குட்டு உடைந்ததும் அரசியலில் இது சகஜம் என்கிறார்.

அமைப்பு

செந்தில் முகம் மாறாமல் அபத்தத்தை முன்வைப்பார். கவுண்டமணி கொங்கு வாடை வீசும் பேச்சால் அதைத் திருத்த முயன்று, தாமே அதற்குள் சிக்குவார். கோபம் ஏற ஏற, செந்திலின் வாதமே நியாயம் போலத் தோன்றும். ஜப்பானின் ‘மன்சாய்’ எனும் இருவர் நகைச்சுவை மேடைக்கலையிலும் இதே பாகுபாடு உண்டு; அதில் உளறுபவர் ‘போக்கே’, திருத்துபவர் ‘சுக்கோமி’. அந்த இணைப்பே ‘அசுமங்கா தாயோ’ (2002), ‘நிச்சிஜோ’ (2011) முதலிய அனிமே தொடர்களில் பள்ளிக்கூட அன்றாடத்தைக் கிறுக்காக்குகிறது. அங்கு திருத்துபவருக்குத் தலைசுற்றும். இங்கு உளறுபவருக்கு உதை விழும்.

விமர்சனமும் தாக்கமும்

உருவத்தையும் நிறத்தையும் கேலி செய்தது, அடி உதையை வேடிக்கையாக்கியது ஆகியவை இந்நகைச்சுவையின் மீதான முக்கியக் குறைகள். ஆயினும் ஒலிநாடா, தொலைக்காட்சி, மீம் என ஊடகம் மாறியபோதும் இக்காட்சிகள் நிலைத்தன. ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி ஏற்ற சைக்கிள் கடைக்காரப் பாத்திரத்தின் பெயரே ‘ஆல் இன் ஆல் அழகு ராஜா’ (2013) படத்துக்குத் தலைப்பானது. 2025-இல் வெளியான ‘ஒத்த ஓட்டு முத்தையா’ படத்தில் கவுண்டமணி மீண்டும் நாயகனாக நடித்தார்.