பெயர் பொறித்த கைவேலை

சித்திரம் தீட்டுவோரைக் கலைஞர் என்று போற்றும் உலகம், நூலுக்கு அட்டை கட்டுவோரையும் அணிகலனுக்கு வடிவம் அமைப்போரையும் கைவினையாளர் என்ற அளவிலேயே நிறுத்திவிடுகின்றது. இந்த வரம்பைத் தம் உழைப்பால் அழித்துக் காட்டிய பெண்மணி ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜெஸ்ஸி மரியன் கிங்.

1875ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரை அடுத்த பியர்ஸ்டனில், கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகளாக அவர் பிறந்தார். மகள் ஓவியராவதை வீட்டார் விரும்பவில்லை. எனினும் 1892இல் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் சேர்ந்து, 1899இல் அங்கேயே நூல் அலங்காரக் கலையின் ஆசிரியையானார். மயிரிழை போன்ற கோடுகளும் நுண்புள்ளிகளும் அவர் சித்திரங்களின் அடையாளம். 1902இல் இத்தாலியின் துரின் நகரில் நடந்த சர்வதேச அலங்காரக் கலைக் கண்காட்சியில், அவர் வடிவமைத்த நூலட்டை தங்கப் பதக்கம் பெற்றது.

லண்டன் லிபர்ட்டி நிறுவனத்திற்காக வெள்ளிப் பொருள்கள், நகைகள், துணிகள் ஆகியவற்றுக்கு அவர் வடிவம் தந்தார். அமைத்தவர் பெயரை மறைத்து நிறுவனப் பெயரிலேயே விற்பது அங்கு வழக்கம். எனவே அவற்றுள் அவர் கைவண்ணம் எது என்பதைப் பிற்கால ஆய்வாளர்களே தேடிக் காண வேண்டியதாயிற்று.

1908இல் ஓவியர் இ. ஏ. டெய்லரை மணந்தார். மனைவி கணவரின் குடும்பப் பெயரை ஏற்பது அந்நாட்டு வழக்கம். அவரோ தம் படைப்புகளில் பிறந்த குடும்பத்தின் பெயரையே தொடர்ந்து ஒப்பமிட்டார். மணத்திற்குப் பின்னும் பெண் இன்னாரின் மகள் என்றே அறியப்படும் நம் மார்க்க மரபை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

1910இல் பாரிஸ் சென்றவர் அங்கே பாத்திக் கலையைக் கற்றார். துணியில் உருக்கிய மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடம் சாயம் ஏற்காது. பின் மெழுகை நீக்கினால் உருவம் வெளிப்படும். ஜாவாவின் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய வித்தை இது. 1915இல் தாயகம் திரும்பிக் கர்க்கூப்ரி என்னும் சிற்றூரில் குடியேறிய அவர், 1924இல் இக்கலையை விளக்கிச் சிறுநூலொன்றும் வெளியிட்டார். மட்பாண்டங்களிலும் சித்திரம் தீட்டினார். 1949இல் அவ்வூரிலேயே மறைந்தார்.

நம் எழுத்தணிக் கலைஞர்கள் ஏட்டின் இறுதியில் 'கதபஹு' என எழுதித் தம் பெயரைப் பொறித்தனர். இது தற்பெருமையன்று, செய்த வேலைக்குத் தாமே பொறுப்பு என்னும் சாட்சியம். ஜெஸ்ஸி கிங்கின் ஒப்பமும் அத்தகையதே. ஆனால் அவருக்கு முன் அந்த மெழுகுக் கோலங்களை வரைந்த ஜாவாப் பெண்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? அவர்களுடைய துணிகள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை.