இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டமும் உள்ளாட்சி அனுமதியும்

இங்கிலாந்தில் புதிய வீடு கட்டுவோர் சுவருக்கும் கூரைக்கும் மட்டும் அனுமதி பெற்றால் போதாது. வீட்டைச் சுற்றி அமையும் மரங்கள், வேலி, நடைபாதை, வாகனம் நிறுத்தும் தளம் ஆகியவற்றின் வரைபடத்தையும் உள்ளாட்சி மன்றம் பெரும்பாலும் கேட்கிறது. ஊரின் அழகைக் காக்கத் தொடங்கிய இவ்வழக்கம், பின்னர் வெள்ளத்தைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாகவும் மாறியது.

தொடக்கம்

1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் 1948 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பின், நிலம் தமக்குச் சொந்தம் என்பதால் மட்டும் ஒருவர் விரும்பியபடி கட்டடம் எழுப்ப முடியாமல் போயிற்று. நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கும் அதிகாரம் மன்றங்களுக்குக் கிடைத்தது. அனுமதி வழங்கும்போது, தேவையான இடங்களில் மரங்களைக் காக்கவும் நடவும் நிபந்தனை விதிப்பது மன்றங்களின் கடமை என 1967இல் வந்த சட்டம் வகுத்தது. இக்கடமை 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது.

வீடு கட்டி முடிந்ததும் வரும் முதல் நடவுப் பருவத்திலேயே செடிகளை நட வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் பட்டுப்போனவற்றுக்கு மாற்றாக வேறு நட வேண்டும் என்பது இன்று பரவலாக விதிக்கப்படும் நிபந்தனை.

தளமாக மாறிய முன்தோட்டம்

கார்கள் பெருகியபோது, வீட்டு முன்தோட்டங்கள் கான்கிரீட் தளங்களாக மாறின. வீட்டுக்காரர் தம் முற்றத்தில் தளம் போடத் தனி அனுமதி தேவைப்படவில்லை. இலண்டனில் சுமார் 32 சதுர கிலோமீட்டர் முன்தோட்டப் பரப்பு இவ்வாறு மூடப்பட்டிருந்ததாக இலண்டன் சட்டமன்றத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. மண் உறிஞ்சிவந்த மழைநீர் தெருவுக்கும் வடிகாலுக்கும் ஓடியது. ஒரு வீட்டின் வசதி, தாழ்வான இடத்திலுள்ள மற்றொரு வீட்டுக்கு ஆபத்தாகியது.

2007 வெள்ளமும் 2008 விதியும்

2007 கோடையில் பெய்த பெருமழையால் ஏற்பட்ட வெள்ளத்தில் 13 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 55,000 கட்டடங்கள் பாதிக்கப்பட்டன. ஆறுகள் கரைபுரண்டதைவிட, வடிய வழியின்றித் தேங்கிய மழைநீரே பெரும்பகுதிச் சேதத்துக்குக் காரணம். இதை ஆராய்ந்த சர் மைக்கேல் பிட் தமது இறுதி அறிக்கையை 2008 ஜூனில் அளித்தார்.

2008 அக்டோபர் 1 முதல், முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் ஊடுருவாத தளம் போடத் திட்ட அனுமதி கட்டாயமாயிற்று. ஒரு காரை நிறுத்தும் இடமே இந்த அளவைவிடப் பெரியது. சரளைக்கல், நீர் ஊடுருவும் கற்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தினாலோ, வழிந்தோடும் நீரைத் தம் நிலத்திலுள்ள புல்வெளிக்கோ பூம்பாத்திக்கோ திருப்பினாலோ அனுமதி தேவையில்லை.

உயிர்ப்பன்மைக்கான விதி

2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி, புதிய கட்டுமானத் திட்டங்கள் அந்நிலத்தின் உயிர்ப்பன்மை மதிப்பை முன்பிருந்ததைவிடக் குறைந்தது 10 விழுக்காடு உயர்த்த வேண்டும். 2024 பிப்ரவரியில் பெரிய திட்டங்களுக்கும், ஏப்ரலில் சிறிய திட்டங்களுக்கும் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. இருக்கும் வீட்டை விரிவாக்குவோருக்கு இதில் விலக்கு உண்டு.

2008ஆம் ஆண்டு விதிக்கும் ஓர் எல்லை உண்டு. அது புதிதாகப் போடப்படும் தளங்களையே கட்டுப்படுத்துகிறது. அதற்கு முன் மூடப்பட்ட மண்ணைத் திறக்கும்படி அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்த முன்தோட்டங்களை மீட்பது வீட்டுக்காரர்களின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே உள்ளது.