கீர்த்தனம் ஆராதனைக்குள் வந்த வரலாறு

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், திருத்தணியைக் கடந்தபின் வரும் ஊர்களுள் நகரியும் ஒன்று. ஊருக்கு அணித்தாக நிற்கும் மலைமுகட்டிற்கு ‘நகரி மூக்கு’ என்று பெயர். வங்கக் கடலில் வந்த பழைய மாலுமிகள் இம்முகட்டைக் கண்டே கரையின் திசையறிந்தனர். தறியோசை மிகுந்த இவ்வூரில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசும். 1911-ஆம் ஆண்டு வரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தோடு இணைந்திருந்தது. அவ்வாண்டில் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லை இவ்வாறு வகுக்கப்பட்டதேயன்றி, மக்கள் பாடும் பாட்டு அதற்குக் கட்டுப்படவில்லை.

இவ்வட்டாரத்துக் கிறிஸ்தவ மக்களிடையே வழங்கும் பாட்டு நூல்களை எடுத்துப் பார்ப்போருக்கு ஒரு வியப்பு உண்டாகும். தமிழ் நூலுக்குக் ‘கீர்த்தனைகள்’ என்று பெயர். தெலுங்கு நூலுக்கு ‘ஆந்திர கிரைஸ்தவ கீர்த்தனலு’ என்று பெயர். இரண்டிலும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அதே கட்டுக்கோப்பு. பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். தியாகராஜர் கிருதிகளை அச்சிட்ட நூல்களும் இவ்வாறே இருப்பதை நேயர்கள் அறிவர். மேல்நாட்டிலிருந்து வந்த வழிபாட்டிற்குள் இந்த வடிவம் எப்படி நுழைந்தது? அது எளிதில் நுழையவில்லை. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலமும், ஒரு புலவரின் பிடிவாதமும் வேண்டியிருந்தன.

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். அவருடைய மரபில் வந்தோர், தம் நாட்டுப் பாட்டுகளைத் தமிழாக்கி, ஜெர்மானிய மெட்டிலேயே பாடச் செய்தனர். இவற்றிற்கு ஞானப்பாட்டுகள் என்று பெயர் வழங்கிற்று. இவர்களுள் தலைசிறந்தவர், 1740-இல் இந்நாட்டிற்கு வந்து சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் வாழ்ந்த பப்ரிசியுஸ். தமிழ்-ஆங்கில அகராதி செய்த பெரும் புலமையாளர் அவர். சொல்லாட்சியில் அவரைக் குறை கூறுதல் அரிது. குறை வேறிடத்தில் இருந்தது.

ஆங்கிலக் குறிப்பாணைகளைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அவர் பட்ட பாடு நன்கு விளங்குகின்றது. பொருளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு வந்துவிடலாம். ஓசையைக் கொண்டு வருவதுதான் கடினம். ஜெர்மானியப் பாட்டு அழுத்தத்தால் நடப்பது. எந்த அசையில் குரல் ஊன்றுகிறது என்பதே அதன் கணக்கு. தமிழ்ப் பாட்டோ மாத்திரையால் நடப்பது. குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் நின்றால்தான் சொல் சொல்லாக இருக்கும். மேல்நாட்டு மெட்டு ஓரிடத்தில் குரலை நீட்டச் சொல்கிறது. அவ்விடத்தில் ‘பரம்’ என்ற சொல் வந்தால், பாடுவோர் வாயில் அது ‘பாரம்’ ஆகிவிடுகின்றது. விண்ணுலகைக் குறித்த சொல் சுமையைக் குறிப்பதாயிற்று! மனம் மானமாகும், கலை காலையாகும். உரைநடையில் ஒரு பிழையும் இல்லாத வரி, பாடும்போது பிழையாகிறது. இராகத்தின் நெளிவுக்குப் பழகிய செவிக்கு, படிக்கட்டில் ஏறி இறங்குவது போன்ற அந்த மெட்டு அயலாகவே ஒலித்தது என்பதும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் செய்த மாறுதல்களுள் ஒன்று, மக்கள் தம் சொந்த மொழியில், தமக்குப் பழகிய மெட்டில் பாட வேண்டும் என்பதே. 1524-இல் வெளிவந்த முதல் லூதரன் பாட்டு நூலில் எட்டே பாடல்கள் இருந்தன. இலத்தீனின் பிடியினின்று விடுபட்ட அந்தப் பாட்டுகள், இருநூறு ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டிற்கு வந்தபோது, தாமே மாற்றலாகாத மரபாகிவிட்டன.

பிடிவாதம் மிக்க புலவர் என்று மேலே கூறினேன் அல்லவா? அவர்தாம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஸ்வார்ட்ஸ் பாதிரியார் இவரைச் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் அதே ஸ்வார்ட்ஸின் அரவணைப்பில் கல்வி பயின்றவர். அக்காலத் தஞ்சை எப்படிப்பட்டது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். திருவையாற்றில் தியாகராஜர் (1767–1847) பாடிக்கொண்டிருந்தார். முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) சாஸ்திரியாரைவிட ஓராண்டே இளையவர். அரண்மனையில் வீணையும் ஒலித்தது. மேல்நாட்டு வாத்தியங்களும் ஒலித்தன.

தீட்சிதரைப் பற்றி இரண்டொரு சொல் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. நகரிக்கு அடுத்த திருத்தணி மலையில்தான் அவர் தம் முதற் கிருதியைப் பாடினார் என்பது வழக்கு. சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் இளமையைக் கழித்த அவர், கோட்டையில் ஆங்கிலப் பாண்டு வாத்தியக்காரர் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படுபவை இவை. ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அம்மெட்டில் அம்பிகை துதிக்கப்படுகின்றாள். மேல்நாட்டு மெட்டில் நம் தெய்வத்தைத் தீட்சிதர் பாடினார். நம் மெட்டில் கிறிஸ்துவைச் சாஸ்திரியார் பாடினார். இருவரும் ஒரே காலத்தவர். மெட்டுக்கு மதமில்லை என்பதை இருவரும் விவாதத்தால் நிறுவவில்லை, பாடியே காட்டினர்.

சாஸ்திரியார் இயற்றியவற்றுள் பெயர்பெற்றது ‘பெத்லெகேம் குறவஞ்சி’. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி காட்டிய வழியில், குறத்தியும் சிங்கனும் வரும் நாடகமாகவே அதை அமைத்தார். தரங்கம்பாடியில் கற்ற புதிய பூகோளமும் வானநூலும் அதில் இடம் பெற்றிருப்பது சிறப்பு. கதிரவனைப் பூமி சுற்றுகிறது என்ற கொள்கை குறவஞ்சிக்குள் வந்தது வேறெங்கும் காண்பதற்கு அரிது. இதுவன்றி ‘ஞானத் தச்ச நாடகம்’, ‘சாஸ்திரக் கும்மி’, ‘ஜெபமாலை’ எனப் பல நூல்களும், எண்ணற்ற கீர்த்தனைகளும் செய்தார். கதாகாலட்சேபம் போல நின்று பாடிப் பொருள் விரிப்பதும் அவர் வழக்கம்.

1820-க்குப் பின் தஞ்சைக்கு வந்த புதிய பாதிரிமார்களுக்கும் அவருக்கும் பெரும் பூசல் விளைந்தது. பாதிரிமார் செய்த நான்கு கொடுமைகள் என்று அவர் எழுதி வைத்தார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. திருவிருந்தில் சாதி வேற்றுமையின்றி அமரச் செய்தது ஒன்று. மண விழாவிலும் ஈமச் சடங்கிலும் மலர்களை விலக்கியது ஒன்று. தமிழ்ப் பாட்டைத் தடுத்தது ஒன்று. இவற்றுள் சாதி பற்றி அவர் கொண்ட கருத்தை ஏற்க இயலாது. அதில் பாதிரிமாரே நியாயத்தின் பக்கம் நின்றனர். புலவரைப் போற்றும் நூல்கள் இதனை மறைத்துச் செல்வது எனக்கு உடன்பாடன்று. ஆனால் பாட்டு விஷயத்தில் காலம் அவருக்கே தீர்ப்பளித்தது. தமிழ் இராகங்களும் மத்தளமும் கோயிலையும் கூத்தையும் நினைவூட்டுகின்றன என்பதே பாதிரிமாரின் அச்சம். நினைவூட்டத்தான் செய்யும், தாலாட்டையும் நடவுப் பாட்டையும்கூட நினைவூட்டும். மனிதர் தாய் மடியில் கேட்ட ஓசையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வழிபாட்டிற்கு வர இயலுமா?

மிஷன் வேலையை இழந்த புலவரை 1832-இல் தாம் இறக்கும் வரை சரபோஜி மன்னர் ஆதரித்தார். கீர்த்தனைகள் வீடுகளிலும் விழாக்களிலும் ஒலித்தன. ஆராதனைக்குரிய நூலில் மட்டும் அவற்றிற்கு இடமில்லை.

அந்த இடத்தை அளித்தவர், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் பாதிரியார். கிராமத்து மக்கள் மேல்நாட்டு மெட்டில் வாயசைத்து நிற்பதையும், கீர்த்தனையைக் கேட்டவுடன் பற்றிக்கொள்வதையும் அவர் கண்டார். எழுபது வயது கடந்திருந்த சாஸ்திரியாரிடம் பாடல்களைப் பெற்று, பெரும்பான்மை அவருடையவையாக ஒரு திரட்டை 1853-இல் வெளியிட்டார். சபையில் பாடுவதற்கென்றே, மக்களிடையே சிறந்து விளங்கிய கீர்த்தனைகளைப் பொறுக்கித் தொகுத்த நூல் அது. பின்னர்ப் பசுமலையில் பணிபுரிந்த வாஷ்பர்ன் அதனை விரிவாக்கினார். சாஸ்திரியார் 1864-இல் காலமானார். தம் பாட்டு ஆராதனைக்குள் ஒலித்ததைக் காணும் பேறு, காலம் தாழ்ந்தேனும், அவருக்குக் கிட்டியது.

அதே 1853-ஆம் ஆண்டில்தான் ஸ்கடர் சகோதரர்கள் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். சித்தூர் அதன் தொடக்க நிலையங்களுள் ஒன்று. வேலூர் மருத்துவமனையால் உலகறிந்த ஐடா ஸ்கடர் அம்மையார் இக்குடும்பத்தவர். மதுரை மிஷனும் ஆர்க்காடு மிஷனும் 1857 வரை ஒரே அமெரிக்கச் சங்கத்தைச் சேர்ந்தவை. ஆதலின் வைகைக் கரையில் தொகுத்த நூல் பாலாற்றைக் கடந்து வடக்கே வருவதற்கு வழி திறந்தே இருந்தது. 1865-இல் ஜெர்மனியிலிருந்து ஹெர்மன்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த மைலியுஸ் என்பார் வந்து, இவ்வட்டாரத்தின் தெலுங்கு மக்களிடையே பணி தொடங்கினார்.

தெலுங்கிலும் இதே வழி பிறந்தது. புருஷோத்தம சௌதரி (1803–1890) என்னும் கவிஞர் தெலுங்கில் இயற்றிய கீர்த்தனைகள் அந்நாட்டுக் கிறிஸ்தவ இசைக்கு அடித்தளம் ஆயின. அன்றைய கடப்பை மாவட்டத்து மதனப்பள்ளியில் பணிபுரிந்த ஜேக்கப் சேம்பர்லேன் (1835–1908), பேச்சுக்குச் செவிகொடாத கூட்டம் தெலுங்குப் பாட்டுக்குச் செவிகொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார்.

இனி, இவ்வடிவம் யாருடையது என்று கேட்டால் விடை சுவையானது. பல்லவியும் சரணமும் கொண்ட சங்கீர்த்தனத்தை ஆயிரக்கணக்கில் பாடிப் பெருக்கியவர், திருமலையில் வாழ்ந்த தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503). நகரிக்கு அது பக்கத்து மலை. அவருடைய பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் வைக்கப்பெற்றிருந்தன. நாயக்கர், மராட்டியர் காலத்துத் தஞ்சையில் தெலுங்கே சங்கீதத்தின் மொழியாக விளங்கிற்று. தெலுங்கு நாட்டில் செழித்த வடிவம் காவிரிக் கரையில் தமிழ் உடுத்தி, கிறிஸ்துவின் பெயரைத் தாங்கி, அச்சேறி, மீண்டும் வடக்கே தன் பிறந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தது. நகரியில் தமிழ்க் கீர்த்தனை பாடும் குடும்பம், தெலுங்கு நாட்டின் பழஞ்செல்வத்தையே தமிழில் பாடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சிக்கு ஆதரவு கூடிற்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 1912 முதல் சங்கீத மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். ஈரோட்டில் இருந்த பாப்லி என்ற ஆங்கிலப் பாதிரியார் தாமே கருநாடக இசை பயின்று, இந்திய இசை பற்றி 1921-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஞானப்பாட்டுகளும் அழிந்துவிடவில்லை, ‘பாமாலைகள்’ என்னும் பெயரில் கீர்த்தனைகளோடு அவையும் இன்றும் பாடப்பெறுகின்றன. ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்த பின்னர், பாடகர் குழுக்கள் சிறந்த பாடல்களைத் தொகுத்து வெளியிடுவது வழக்கமாயிற்று. வெப் பாதிரியார் தாளில் செய்ததை இவர்கள் குரலில் செய்கின்றனர்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு இதில் ஒரு கவலை இருக்கக்கூடும். கீர்த்தனைப் புத்தகத்தில் இராகம், தாளம் இவற்றின் பெயர் உண்டு. பொதுவாக ஸ்வரக் குறிப்பு இராது. மெட்டு நாவிலிருந்து செவிக்கே செல்கிறது. அதனால் ஒரே கீர்த்தனை ஊருக்கு ஊர் நெளிந்து மாறும். புத்தகத்தை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊரைவிட்டு வந்த குடும்பத்தில், பாட்டியின் காலத்திற்குப் பிறகு, சொல் எஞ்சும். மெட்டு எஞ்சுமா என்பது ஐயமே. ஒலிப்பதிவு உதவும் என்பர். ஆனால் ஒலிநாடாவில் நிலைபெறுவது ஏதோ ஒரு குழு பாடிய ஒரு மெட்டு. நகரியில் தெலுங்குச் சாயலோடு பாடும் மெட்டு அதுவன்று. அதனைக் கேட்க விரும்புவோர், அங்குள்ள முதியோரிடம் சென்று பாடச் சொல்லிக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். பாடுங்கள் என்று கேட்டால், எந்த மொழியில் என்பதையே அவர்கள் முதலில் வினவுவர்.