சிப்பாய்க்கு ஒரு கட்டமா, ரெண்டு கட்டமா?

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் நான்கு கிளாஸ்மேட்டுகளுக்கு செஸ் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். முதல் காயை நகர்த்தியதுமே தாத்தா குறுக்கே வந்துவிட்டார். "சிப்பாய் ஒரு கட்டம்தான்டா போகும். ரெண்டு கட்டம் எங்கேர்ந்து வந்துது?"

வந்தவர்கள் குழம்பிப் போனார்கள். தாத்தாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தால், அவர் சொன்னதில் தப்பே இல்லை!

நம் நாட்டில் முன்பு 'இந்திய முறை' செஸ்தான் பரவலாக இருந்தது. சிப்பாய்க்கு எப்போதும் ஒரு கட்டம்தான். காஸ்லிங் கிடையாது, பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரை போலத் தாவலாம். ஊருக்கு ஊர் சில மாற்றங்களும் உண்டு.

இதனால் என்ன நஷ்டம்? பஞ்சாபைச் சேர்ந்த சுல்தான் கானைப் பாருங்கள். இந்திய முறையில் பழகியவர், பெரியவரான பிறகுதான் சர்வதேச விதிகளைக் கற்றார். 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். ஆனாலும் ஆட்டத்தின் தொடக்கம் கடைசிவரை அவருடைய பலவீனமாகவே இருந்தது.

பி.காம் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு கடையும் தன் இஷ்டத்துக்குக் கணக்கு எழுதினால் எதை எதோடு ஒப்பிடுவது?

சர்வதேச முறையை இங்கே ஊன்ற உழைத்தவர் மானுவேல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். அவர் முயற்சியில் 1972-ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியது. ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் வீட்டில் ஆடக் கற்ற விஸ்வநாதன் ஆனந்த், வளர்ந்தது இந்த கிளப்பில்தான். ஜெயித்தவர் நாற்காலியில் தொடரலாம், தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போகணும். சின்னப் பையன் என்ற சலுகை எல்லாம் இல்லை. 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024-ல் சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியன்.

ஆக, வீட்டில் புதியவர்களை ஆட அழைத்தால், காய் அடுக்குவதற்கு முன்பே எந்த விதி என்று பேசி முடித்துவிடுங்கள்.

நாங்கள் கடைசியில் இரண்டு முறையிலும் ஆளுக்கொரு ஆட்டம் ஆடினோம். இரண்டிலும் ஜெயித்தது தாத்தாதான்!