கைதி தொகுத்த அகராதி: ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸின் வாழ்வும் குழூஉக்குறித் தொகுப்பும்

ஒரு குழுவினர் பிறர் அறியாதவாறு தம்முள் வழங்கும் சொற்களைக் குழூஉக்குறி எனப் பெயரிட்டு, தகுதி வழக்கின் ஒரு வகையாக நன்னூலார் வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரையாசிரியர்கள் சான்று காட்டுவர். இவ்வகைச் சொற்களைப் பெரும்பாலும் குழுவுக்கு வெளியே உள்ள அறிஞர்களே தொகுக்கின்றனர். இதற்கு மாறாக, குழுவுக்குள் வாழ்ந்த ஒருவரே, அக்குழுவைத் தண்டிக்கும் அதிகாரிக்காகத் தொகுத்தளித்த அகராதி ஒன்று உண்டு. அதனைத் தொகுத்தவர் ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்னும் ஆங்கிலேயக் கைதி ஆவார். ஆஸ்திரேலிய மண்ணில் உருவான முதல் ஆங்கில அகராதியாக அது கருதப்படுகிறது.

தமிழில் 'தீவாந்தரத் தண்டனை' என வழங்கிய கடல்கடந்த நாடுகடத்தலை, பிரிட்டன் 1718ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி முறைப்படுத்தியது. முதலில் கைதிகள் வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வழி அடைபடவே, 1788இல் சிட்னியில் கைதிக் குடியேற்றம் நிறுவப்பட்டது. 1868இல் இம்முறை முடிவுறும்வரை ஏறத்தாழ 1,60,000 பேர் ஆஸ்திரேலியாவிற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் இலண்டன் திருடரிடையே வழங்கிய 'ஃபிளாஷ்' என்னும் மறைமொழியை உடன் கொண்டுசென்றனர். தொடக்ககால நீதிமன்றங்களில் சாட்சியரும் கைதிகளும் பேசியதை விளக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதை, முதற் கப்பல் தொகுதியில் சென்ற படை அதிகாரி வாட்கின் டெஞ்ச் 1793இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். நீதிபதியும் குற்றவாளியும் ஆங்கிலேயரே. எனினும் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்கவில்லை. இம்மொழி ஒழிந்தால்தான் கைதிகள் திருந்த வழி பிறக்கும் என்பது டெஞ்சின் கருத்து.

வாக்ஸ் 1782இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறந்தார். தாய்வழிப் பாட்டன் பாட்டியரிடம் வளர்ந்து நல்ல கல்வி பெற்றார். எழுத்தராகப் பணியாற்றிய இளமையிலேயே திருட்டில் ஈடுபட்டார். 1800இல் ஒரு கைக்குட்டைத் திருட்டிற்காக ஏழாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டு, 1801 இறுதியில் நியூ சவுத் வேல்ஸ் சேர்ந்தார். எழுத்தறிவு அவரைக் கடும் உழைப்பிலிருந்து காத்து எழுத்தராக்கியது. அதே அறிவைக் கொண்டு ஆளுநர் கிங்கின் சுருக்கொப்பத்தைப் போலியாக இட்டுச் சாலைப் பணிக்குத் தள்ளப்பட்டார். 1807இல் அதே ஆளுநரின் கப்பலில் தாயகம் திரும்பினார். 1809இல் இலண்டன் நகைக்கடைத் திருட்டிற்காக விதிக்கப்பட்ட மரண தண்டனை வாழ்நாள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1810 இறுதியில் மீண்டும் சிட்னியை அடைந்தார்.

அங்கும் ஒரு திருட்டு வழக்கில் சிக்கி, 1811இல் நியூகாசிலுக்கு அனுப்பப்பட்டார். குடியேற்றத்தில் மீண்டும் குற்றம் புரிந்தோர் நிலக்கரி வெட்டவும் சுண்ணாம்பு சுடவும் அனுப்பப்பட்ட இடம் அது. கடும் உழைப்பின் இடையே கிடைத்த ஓய்வு நேரத்தில் தொகுத்த அகராதியை, 1812 ஜூலையில் அவ்விடத்துத் தளபதி தாமஸ் ஸ்காட்டோவுக்குப் படைத்தார். நீதி வழங்கும் பணியில் அது அவருக்குப் பயன்படக்கூடும் என்பதைப் படையலுரையில் தெளிவாகவே குறித்தார். 1819இல் இலண்டனில் வெளியான அவரது தன்வரலாற்றின் பின்னிணைப்பாக அது அச்சேறியது.

இவ்வகராதியின் சிறப்பு அதன் பொருள் விளக்கங்களில் உள்ளது. 1785இல் கொச்சைச்சொல் அகராதி வெளியிட்ட பிரான்சிஸ் குரோஸ் தொல்பொருள் ஆர்வலர்; வெளியில் நின்று சொல் திரட்டியவர். வாக்ஸோ சொற்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி விளக்குகிறார். நேர்மையான செயல்களெல்லாம் 'ஸ்குயர்', நேர்மையற்றவை 'கிராஸ்'. இரண்டாவது வழியில் பிழைப்போர் அனைவரும் 'ஃபேமிலி', அதாவது குடும்பம். சட்டத்திற்குப் புறம்பானவர்கள் தம்மை ஒரு குடும்பமாகக் கண்டனர் என்பதை நீதிமன்றப் பதிவுகள் சொல்வதில்லை, இப்பதிவு சொல்கிறது. எனினும் இதிலுள்ளவை பெரும்பாலும் இலண்டன் தெருவின் சொற்களே. கைதிகள் தம்மை ஆளும் குடியேற்ற அதிகாரிகளைப் பற்றித் தமக்குள் என்ன பேசினர் என்பதற்கு இதில் இடம் மிகக் குறைவு. தளபதிக்குப் படைக்கப்பட்ட நூலில் இதை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. நூலின் துல்லியத்திற்கும் அதன் மௌனத்திற்கும் காரணம் ஒன்றே: அது அடங்கியவர் ஆள்பவருக்காகச் செய்த மொழிபெயர்ப்பு.

அகராதி வாக்ஸுக்கு நிலையான நல்வாழ்வைத் தரவில்லை. 1820இல் நிபந்தனையுடன் மன்னிப்புப் பெற்று அரசு எழுத்தரானார். 1826இல் அப்பணியை இழந்தார். 1829இல் அயர்லாந்துக்குத் தப்பி, போலி நாணயத்தாள் வழக்கில் சிக்கி, 1831இல் மூன்றாம் முறையாகச் சிட்னிக்குக் கொண்டுவரப்பட்டார். 1839இல் ஒரு சிறுமியிடம் தகாத முறையில் நடந்ததற்காக ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1841இல் விடுதலையான பின் அவரைப் பற்றிய பதிவுகள் இல்லை. இறுதிவரை நம்பத்தகாதவராக வாழ்ந்த ஒருவரின் சொற்பொருள் விளக்கங்கள், இன்றும் வரலாற்று அகராதியாளர்க்கு நம்பத்தகுந்த சான்றாக உள்ளன.

அவர் பதிவு செய்த சொற்கள் சில, திருடர் வழக்கிலிருந்து பொதுவழக்குக்கு வந்தன. அவரது அகராதியில் 'நியூ சம்' என்பது சிறைக்குப் புதிதாக வந்த கைதி. பின்னர் அது ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாகக் குடியேறியவரைக் குறித்தது. 'ஸ்வாக்' என்பது மூட்டை. திருட்டுப் பொருளுக்கும் அதுவே பெயர். பின்னர் அது, வேலை தேடி நாட்டுப்புறத்தில் நடந்து திரிந்த தொழிலாளியின் படுக்கைச் சுருளைக் குறித்தது. இச்சொல்லைத் தமிழில் தருபவர் ஒரே நிகர்ச்சொல்லை எல்லா இடத்திலும் இடுதல் இயலாது. 1812இல் கைதி கூறின் அது கொள்ளைப்பொருள் ஆகலாம். நூற்றாண்டின் இறுதியில் வழிநடப்போன் கூறின் அவனுடைய உடைமை முழுவதும் அதுவே. எந்த ஆண்டில், எவர், எவரிடம் கூறினார் என்பதை அறிந்த பின்னரே இங்கு மொழிபெயர்ப்புத் தொடங்க முடியும்.