பொய்க் கோடும் மெய்க் கோடும்

இலங்கையின் மலைகளுள் உயர்ந்தது நுவரெலியாவை அடுத்துள்ள பீதுருதாலகால. அதன் உயரம் 2,524 மீற்றர். 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. நாட்டின் பெரும்பகுதிக்கும் படத்தை அனுப்பத் தக்க இடமாக அமைந்தது இம்மலைச் சிகரமே. ஆயினும் சிகரத்துக்கு அண்மையிலுள்ளோர் எல்லாரும் தெளிவான படத்தைக் கண்டனர் எனல் இயலாது. தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வது. இடையே ஒரு மலை குறுக்கிடின் அதன் மறுபுறத்துப் பள்ளத்தாக்கு நிழலில் விழுந்துவிடும். அக்காலத்தில் இந்நிழலிற் கிடந்த தோட்டங்களிலே திரையில் வெண்புள்ளிகள் பனியெனப் பொழிந்தன. பாறையில் மோதித் திரும்பிய அலை, ஒவ்வோர் உருவத்தின் அருகிலும் அதன் மங்கிய சாயலொன்றை நிறுத்தியது.

பின்னர், செய்மதித் தட்டு வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் இலக்கமுறைப் படம் வந்தது. பனியும் சாயலும் மறைந்தன. அவற்றின் இடத்தைச் சதுரக் கட்டங்கள் பிடித்தன. இக்கட்டங்கள் தோன்றிய காரணமும், அவற்றை நீக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சியும் அரை நூற்றாண்டு வரலாறாகும்.

சாதாரணத் தொலைக்காட்சிப் படமொன்றைச் சுருக்காது அனுப்புவதாயின், செக்கனொன்றுக்கு ஏறத்தாழ 16 கோடியே 60 இலட்சம் பிட் தேவை. அலைவரிசையோ சில பத்து இலட்சங்களையே தாங்கவல்லது. ஆகவே பெரும்பகுதியைக் களைதல் இன்றியமையாததாயிற்று. இதற்கு வழிகாட்டியவர் பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது. 1972இல் அவர் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகத்திடம் ஆய்வுதவி கோரினார், அது மறுக்கப்பட்டது. எனினும் தம் மாணவர் டி. நடராஜனுடனும் நண்பர் கே. ஆர். ராவுடனும் ஆய்வைத் தொடர்ந்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கோசைன் உருமாற்றம் பற்றிய கட்டுரை வெளிவந்தது. எம்பெக்-2 முதலிய முறைகள் இவ்வுருமாற்றத்தின் மீதே எழுந்தன.

இம்முறையில் படம் எட்டுக்கு எட்டு, அதாவது 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் பரந்த ஒளிமாற்றம் காக்கப்படும்; நுண்ணிய மாற்றம் பெரிதும் விடப்படும். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே சுருக்கப்படுவதால், அண்டையிலுள்ள இரு கட்டங்கள் எல்லையிற் பொருந்தாது போதல் உண்டு. அங்கேதான் பொய்க் கோடு பிறக்கின்றது.

மலைநாட்டுக் காட்சி இம்முறைக்குக் கடுஞ்சோதனையாகும். சரிவில் இறங்கும் மூடுபனியில் ஒளி மெல்ல மெல்ல மாறுகின்றது. அங்கே சிறு பொய்க் கோடும் கண்ணை உறுத்தும். அதன் கீழுள்ள தேயிலைச் செடிகளோ நுண்ணிய இலைகளின் திரள். அங்கே நுணுக்கத்தை விட்டாற் செடி பச்சைத் திட்டாகிவிடும். ஒரே படத்தில் ஓரிடம் மென்மையை வேண்டுகின்றது. மற்றோரிடம் கூர்மையை வேண்டுகின்றது.

தொடக்கத்தில் இவ்வேறுபாடு கருதப்படவில்லை. 1988இல் முதன்முதல் வெளியான எச்.261 என்னும் முறையில், எங்கும் ஒரே அளவில் மென்மையாக்கும் வடிகட்டியொன்று இருந்தது. அதனை இயக்கலாம், அல்லது நிறுத்தலாம். வேறு தெரிவு இல்லை. தேயிலைத் தொழிற்சாலையிற் பெருந்தூளையும் சிறுதூளையும் பிரிக்க வெவ்வேறு கண்ணளவுள்ள சல்லடைகள் வேண்டும் என்பதை மலைநாட்டார் நன்கறிவர். ஒரே சல்லடையாற் பல தரங்களைப் பிரித்தல் எங்ஙனம் கூடும்?

2003இல் வெளிவந்த எச்.264 முறை இக்குறையைத் தீர்க்க முயன்றது. அதன் வடிகட்டி ஒவ்வோர் எல்லையிலும் இருபுறத்துப் புள்ளிகளை ஒப்பிடுகின்றது. வேறுபாடு சிறிதாயின், அது சுருக்கத்தால் விளைந்த பொய்க் கோடெனக் கொண்டு மென்மையாக்கும். பெரிதாயின், படத்திலேயே உள்ள மெய்க் கோடெனத் தீண்டாது விடும். சுருக்கம் எவ்வளவு கடுமையோ அதற்கேற்பத் தீர்ப்பின் அளவுகோலும் மாறும். இவ்வாறே மூடுபனியின் கட்டம் கரைகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலைத்துணிக்கும் செடிக்கும் இடையிலுள்ள கோடு நிலைக்கின்றது. மேலும், வடிகட்டிய படமே அடுத்த படத்தைக் கணிப்பதற்கு அடிப்படையாவதால், ஒரு படத்தின் பிழை அடுத்ததிற் பெருகுவதும் குறைகின்றது.

2013இல் எச்.265 இன்னொரு திருத்தத்தைச் சேர்த்தது. 2020இல் வந்த எச்.266, நோபட் வீனர் 1949இல் நூலாக வெளியிட்ட கொள்கையைத் துணைக்கொண்டது. அனுப்புவோரிடம் மூலப்படம் உண்டு. சுருக்கிய படத்தை அதனோடு ஒப்பிட்டு, பிழையை மிகக் குறைக்கும் வடிகட்டியைக் கணித்துப் படத்தோடு சேர்த்தே அனுப்பலாம். நான்குக்கு நான்கு புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு சிறு பகுதியும் அதன் திசையையும் ஒளிமாற்றத்தின் அளவையும் நோக்கி 25 வகைகளுள் ஒன்றில் வைக்கப்படுகின்றது. வகைக்கேற்ற வடிகட்டி அதற்குப் பொருத்தப்படுகின்றது.

இது வெறும் அழகுக்கான செயலன்று. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில் பாடம் திரைவழி வந்தது. தொடர்பு மெலிந்த லயன் அறையிலே, கரும்பலகையில் எழுதிய எழுத்து வாசிக்கத்தக்கதா என்பதே கல்வி கிட்டுமா என்பதைத் தீர்மானித்தது. குறைந்த பிட்டுகளிலும் மெய்க் கோட்டைக் காக்கும் முறை, அத்தகைய இடங்களுக்கே பெரிதும் உதவுவது.

எனினும் வடிகட்டிக்கு ஓர் எல்லை உண்டு. சுருக்கத்தில் அடியோடு நீங்கியதை அது மீட்டுத் தராது. அது குறைப்பது சராசரிப் பிழையை. அக்கணக்கில் எல்லாப் புள்ளிகளும் ஒரே மதிப்புடையன. தொலைவிலுள்ள சரிவில் நிரை பிடித்து நிற்கும் தொழிலாளி, திரையில் சில புள்ளிகளே. பரந்த பனியின் முன் அவர் இழப்பு கணக்கிற் சிறிதாகவே தோன்றும். அவருக்கு எத்தனை பிட் ஒதுக்குவது என்பதைக் கணிதம் தானாகச் சொல்லாது. படத்தை அனுப்புவோரே அதனை முடிவு செய்தல் வேண்டும்.