திண்டிவனத்தில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு

சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு நீங்கள் இரயிலில் சென்றிருக்கக்கூடும். செங்கற்பட்டையும் மேல்மருவத்தூரையும் கடந்தால் திண்டிவனம் வரும். புளியங்காடு எனப் பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்ற சொல்லே இப்படி மருவிற்று என்பர். இங்கிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். மருத்துவ வரலாற்றில் இவ்வூருக்குத் தனி இடம் உண்டு. ஒரே இரவில் மூன்று பெண்கள் இங்கே பேறுகாலத்தில் உயிர் துறந்தனர். அந்த மரணங்கள் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி தோன்றக் காரணமாயின. அவை ஏன் நேர்ந்தன, இன்று அவற்றை எவ்வாறு தடுக்கிறோம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அந்த இரவு

1890-களின் தொடக்கம். ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் மருத்துவராகப் பணியாற்றி வந்தார். அவருடைய மகள் ஐடா, 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவர், தாயார் நோயுற்றதால் திண்டிவனம் வந்திருந்தார். மருத்துவம் படிக்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. விரைவில் அமெரிக்கா திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

ஓர் இரவு, பிராமணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லும்படி ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டு, அவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு இன்னோர் இந்து வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகத் தெரிந்தது. மருத்துவம் படித்துத் திரும்பி வருவதென்று ஐடா அன்று முடிவு செய்தார்.

கதவு திறந்திருந்தால் பிழைத்திருப்பார்களா?

ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால் மூவரும் கட்டாயம் பிழைத்திருப்பார்கள் என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் விடை அவ்வளவு எளிதன்று. அக்காலத்தில் பேறுகாலத்தில் பெண்களின் உயிரைப் பறித்தவற்றுள் முக்கியமானவை நான்கு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தடைப்பட்ட பேறு. குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பு வளையத்துக்குள் நுழைந்து வெளிவர வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிக்கு அந்த எலும்புகள் முழு வளர்ச்சி அடைந்திரா. பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் வந்ததே 1891-இல்தான். அதுவும் பெரும் எதிர்ப்புக்கிடையே! இடுக்கி போட்டுக் குழந்தையை எடுக்கும் முறையை அன்றைய மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். வயிற்றைக் கீறி எடுக்கும் அறுவையோ அன்று பேராபத்தானது.

இரண்டாவது, குருதிப்போக்கு. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் குருதி பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்தபின் கருப்பைத் தசை இறுகச் சுருங்கினால்தான் குருதிக் குழாய்களின் வாய் அடைபடும். தசை தளர்ந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகக்கூடும். குருதி வகைகளை லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்தது 1900-ஆம் ஆண்டையொட்டித்தான். ஆகவே குருதி ஏற்றிக் காப்பாற்றும் வழி அன்றைய மருத்துவருக்கு இல்லை.

மூன்றாவது, பேறுகால வலிப்பு. இரத்த அழுத்தம் ஏறி, முகமும் கைகளும் வீங்கி, தலைவலி கண்டு, கண் மங்கி, பின்னர் வலிப்பு வரும். இதைப் பேய் பிடித்ததாக எண்ணியோர் பலர். இரத்த அழுத்தத்தை எளிதில் அளக்கும் கருவியே 1896-இல்தான் உருவாயிற்று.

நான்காவது, பிரசவ ஜன்னி. குழந்தை நலமாகப் பிறந்து ஓரிரு நாளில் தாய்க்குக் கடுங்காய்ச்சல் கண்டு உயிர் போய்விடும். இதன் காரணத்தை வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847-இல் கண்டுபிடித்தார். பிணங்களை அறுத்துப் பார்த்த கைகளோடு மாணவர்கள் பிரசவ விடுதிக்குள் நுழைந்ததே காரணம்! கைகளைச் சலவைத்தூள் கரைசலில் கழுவச் செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூனில் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. அவர் சொல்லை உடன் பணியாற்றிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. கிருமிகளே காரணம் என்பதைப் பாஸ்டரும் லிஸ்டரும் பிற்பாடு நிலைநாட்டினார்கள். ஜன்னியைத் தீர்க்கும் முதல் மருந்தான சல்ஃபா வகை 1930-களில் வந்தது.

நம் ஊர் மருத்துவச்சிகளைப் பலர் பழிப்பதுண்டு. இயல்பான பேற்றைக் கையாள்வதில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் இருந்தது. கிருமியைப் பற்றி மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐரோப்பாவின் பேராசிரியர்களுக்கே அது நெடுங்காலம் விளங்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வேலூரில் ஒரு மருத்துவமனை

ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900-இல் இந்தியா திரும்பினார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். தம் ஒருவரால் இத்தனை பெண்களையும் காக்க இயலாது என்பதை விரைவில் உணர்ந்தார். 1909-இல் செவிலியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். ஓரிருவரே சேர்வார்கள் என்று கருதப்பட்ட அப்பள்ளிக்கு முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன! அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1960 மே மாதம் கொடைக்கானலில் அவர் காலமானார்.

பெண்களுக்கு மருத்துவ உதவி அளிக்கும் முயற்சி சென்னையில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தோன்றியது. 1875-இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை 1885-இல் ஏற்பட்டது. அந்த இரவில் திண்டிவனத்துப் பெண்களுக்கு வேண்டிய பெண் மருத்துவர்கள் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் இருந்தார்கள். வலி கண்ட பெண்ணுக்கு அது எட்டாத தூரம்.

மூன்று தாமதங்கள்

தாய்மார் இறப்பை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இருவர் 1994-இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். மருத்துவ உதவி பெற வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் ஆகிய மூன்றுமே தாயைக் கொல்கின்றன என்றனர். திண்டிவனத்து இரவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணவர்கள் உதவி தேடி வந்தார்கள், தூரமும் குறைவு. ஆயினும் வாயிலில் எடுத்த ஒரு முடிவு உதவியைத் தடுத்துவிட்டது. முடிவெடுக்கும் உரிமை வலியில் துடித்த பெண்ணிடம் இல்லை.

பின்னிரு தாமதங்களையும் குறைக்கத் தமிழ்நாட்டில் பல ஏற்பாடுகள் நடந்தன. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டம் 1987-இல் தொடங்கியது. அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2018-20 கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. முதல் தாமதத்தைக் குறைக்கும் பொறுப்போ இன்னும் வீட்டாரிடமே இருக்கிறது.

தலைப்பிரசவத்துக்கு ஆயத்தம்

முதற்குழந்தைக்கு ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். திண்டிவனத்தில் சோதனைகள் செய்துகொண்ட பெண் விழுப்புரத்தில் பிரசவிக்கலாம். ஆகவே தாய் சேய் நல அட்டையும், கர்ப்பத்தைப் பதிந்தபோது கிடைத்த 12 இலக்க எண்ணும் அவளோடு செல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவை. புதிய ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சென்றவுடனே தெரிவிப்பது நல்லது.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் உத்தேசப் பேறு நாள் கிடைக்கும். நூற்றுக்கு ஐந்து குழந்தைகளே சரியாக அந்நாளில் பிறக்கின்றன. ஆதலால் 36 வாரம் முடிந்ததும் எல்லாம் ஆயத்தமாக இருக்கட்டும். அந்நாள்களில் வாரந்தோறும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அது 140/90-ஐ எட்டினால் மருத்துவர் கண்காணிப்பு தேவை. குருதியில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைவது இரத்தசோகை. குருதி வளம் உள்ளவள் தாங்கும் இழப்பை இரத்தசோகை உள்ளவள் தாங்கமாட்டாள். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் உண்ணச் சொல்வது இதனால்தான்.

குருதி கசிதல், பனிக்குடம் உடைதல், கடுந்தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே புறப்பட வேண்டும். இடைவெளி குறைந்துகொண்டே ஒழுங்காக வரும் வலியே உண்மையான பேற்று வலி. எந்த மருத்துவமனை, எந்த வண்டி, உடன் செல்பவர் யார், குருதி கொடுப்பவர் யார் என்பவற்றை முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள். துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணிகளை எடுத்து வையுங்கள். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்ட வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் 'சேனை' வேண்டாம். முதல் நாள் குளிப்பாட்டவும் வேண்டாம்.

இவற்றை யாரிடம் சொல்லி வைப்பது? கர்ப்பிணியிடம் மட்டும் சொன்னால் போதாது. கணவர், மாமியார், தாய், தந்தை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். "புறப்படலாம்" என்று அவள் சொன்னால், வேறு யாரையும் கேட்காமல் வண்டி புறப்பட வேண்டும். உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், இன்றே எல்லோரும் கூடி இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.